மாணவர் ஆய்வு நன்கொடை: பரவும் செய்தி தவறானது

"கல்லூரி மாணவர்களின் ஆய்வுக்குத் தரப்படும் நன்கொடை மாணவர்களைச் சென்றடைவதே இல்லை, கொடுத்தவருக்கே கண்டுபிடிப்பின் உரிமையும் போய்விடும்" என்று ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இதன் இரு பகுதிகளுமே தவறானவை.

குறிப்பிட்ட நோக்கத்திற்கென்று எழுத்துபூர்வமாக ஏற்கப்பட்ட நன்கொடையை நிறுவனம் தன் விருப்பப்படி வேறு செலவுக்குத் திருப்பிவிட முடியாது. மாணவருக்கான உதவித்தொகை, வேதிப்பொருள்கள், கருவிகளைப் பயன்படுத்தும் கட்டணம், களப்பயணம், மாநாட்டுச் செலவு ஆகியவற்றுக்கே இத்தகைய நிதி பெரும்பாலும் செல்கிறது. விடுமுறையில் சம்பள வேலைக்குப் போயாக வேண்டிய மாணவர் ஆய்வகத்தில் நிற்க முடிவது அந்த உதவித்தொகையால்தான். என் பார்வையில் இதுவே அதன் மிகப் பெரிய பயன். 1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) இயற்பியலாளர் மார்கரெட் மெக்விகர் தொடங்கிய இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டத்திற்குப் போலராய்டு கேமரா நிறுவனத்தைத் தொடங்கிய எட்வின் லேண்டின் ஆதரவு துணைநின்றது. அத்திட்டம் இன்றும் நடைபெறுகிறது.

உரிமை பற்றிய குழப்பம், நன்கொடையையும் ஒப்பந்த ஆய்வையும் ஒன்றாக எண்ணுவதால் எழுகிறது. ஒரு நிறுவனம் குறிப்பிட்ட பணியைச் செய்து தரும்படி பணம் கொடுக்கும்போது, முடிவுகளின் உரிமை பற்றி ஒப்பந்தத்தில் பேசப்படும். நன்கொடையோ பதிலுக்கு எதையும் கோராமல் தரப்படுவது.

ஐயமுள்ளவர்கள் கல்லூரியின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கறிக்கையையும் நன்கொடை ஒப்பந்தத்தின் விதிகளையும் கேட்டுப் பார்க்கலாம். அச்செய்தியைத் தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம். அனுப்பியவரிடமும் இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.