ரேஞ்சர் ஊரை அதிர்ஷ்டம் கைவிடவில்லை

எண்ணெய் வந்த ஊர்களைப் பற்றிப் பேசும்போது ‘அதிர்ஷ்டம் வந்தது, போனது’ என்று எளிதாக முடித்துவிடுகிறார்கள். டெக்சாஸ் மாநிலத்து ரேஞ்சர் விஷயத்தில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1880-இல் டெக்சாஸ் அண்டு பசிபிக் ரயில் பாதை வந்ததும், அருகே கூடாரம் போட்டிருந்தவர்கள் தண்டவாளத்தோரம் குடியேறினார்கள். அப்படிப் பிறந்த ஊர் அது. 1917-இல் மழை பொய்த்தது. விளைச்சல் போய்க் கையில் காசில்லாமல் நின்ற ஊரார், தர்பர் நிலக்கரி நிறுவனத்தின் டபிள்யூ. கே. கார்டனிடம் போய், தங்கள் நிலத்தில் எண்ணெய் தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் கிணற்றில் எரிவாயுதான் வந்தது. அடுத்தது மெக்கிளெஸ்கி என்ற விவசாயியின் நிலம். அக்டோபரில் அங்கே எண்ணெய் பீறிட்டது.

ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், 1920 கணக்கெடுப்பில் 16,000-ஐத் தாண்டியது. மழை பெய்தால் தெருவெல்லாம் சேறு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகக் குதிரை இழுக்கும் சறுக்குப் பலகையில் காசு கொடுத்து ஏற வேண்டும். பின்னாளில் உலகமெங்கும் ஹில்டன் ஓட்டல்களை நடத்திய கான்ராட் ஹில்டன், பக்கத்து ஊரான சிஸ்கோவுக்கு 1919-இல் வங்கி வாங்க வந்து, பேரம் முறிந்து, மோப்ளி என்ற விடுதியை வாங்கினார். அங்கே படுக்கை எட்டு மணி நேரக் கணக்கில் வாடகைக்குப் போனது. ஒருவன் எழுந்த சூடு ஆறுமுன் அடுத்தவன் படுத்திருப்பான். ஹில்டனின் முதல் ஓட்டல் அதுதான்.

எண்ணெயை மேலே தள்ளுவது அதனோடு இருக்கும் எரிவாயுவின் அழுத்தம். கோலி சோடாவை உடைத்து அப்படியே வைத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ரேஞ்சரில் அதைத்தான் செய்தார்கள். யார் மேலே எடுக்கிறாரோ அவருக்கே எண்ணெய் சொந்தம் என்பது அன்றைய சட்டம். நீங்கள் பொறுத்திருந்தால் வேலிக்கு அப்பால் இருப்பவர் உறிஞ்சிவிடுவார். எனவே நெருக்க நெருக்கமாகத் துளை போட்டார்கள். எரிவாயுவைக் காற்றில் விட்டார்கள். தனி மனிதர்களைவிட அந்தச் சட்டத்தின் மீதுதான் எனக்குக் கோபம்.

ரயில் கட்டணத்தைக் கண்காணிக்க அமைத்த டெக்சாஸ் ரயில்வே ஆணையத்திடமே எண்ணெயையும் ஒப்படைத்தார்கள். கிணறுகளுக்கிடையே 300 அடி, நில எல்லையிலிருந்து 150 அடி என்று 1919-இல் அது விதி வகுத்தது. ரேஞ்சரைக் காப்பாற்ற அது போதவில்லை. 1921-இல் ஊற்று சரிந்தது, வங்கிகள் நொடித்தன, வந்த கூட்டம் கலைந்தது.

இன்று அங்கே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். பழைய ரயில் நிலையம் எண்ணெய்க் கால அருங்காட்சியகமாகிவிட்டது. அந்தப் பக்கம் போக வாய்ப்பவர்கள், எண்ணெய் பீறிட்ட கதையைக் கேட்டதோடு திரும்பிவிடாதீர்கள். எரிவாயு என்ன ஆனது என்றும் கேளுங்கள்.