ஃபீஸ் கட்ட கேம்பஸ் வேலையை நம்பாதீர்கள்

ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பும் பிள்ளைகளிடம் பேசினால் ஒரு வரி தவறாமல் வருகிறது. "பார்ட் டைம் பண்ணி ஃபீஸைக் கொஞ்சம் சமாளிச்சுக்கலாம்ணா." இதை அவர்கள் தலையில் ஏற்றி அனுப்பும் கன்சல்டன்சிகள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அதுவும் கேம்பஸுக்குள்தான். லைப்ரரியில் ஒரு வேலை, கேன்டீனில் ஒரு வேலை என்று இரண்டு வைத்திருந்தாலும் இரண்டும் சேர்த்துத்தான் 20. டெக்சாஸ் மாதிரி மாநிலங்களில் குறைந்தபட்சக் கூலி இன்னும் மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து அதே தொகை. உங்கள் கேம்பஸில் தாராளமாக 10 டாலர் தருகிறார்கள் என்றே வையுங்கள், வாரம் 200, மாதம் 800 சொச்சம். நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் வாடகை, மளிகை, போன் பில்லுக்கு அது சரியாகப் போய்விடும். இருபதாயிரம் டாலரைத் தாண்டும் ஃபீஸை அது தொடக்கூட முடியாது.

அதற்காக வேலைக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கண்டிப்பாகப் போங்கள். நான் அங்கே படித்தபோது டைனிங் ஹாலில் பாத்திரம் கழுவும் அறையில் இருந்தேன். பெல்ட்டில் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும், பாதி கடித்த பீட்சாவையும் காய்ந்து ஒட்டிய சீஸையும் வழித்துத் தள்ளிவிட்டு மெஷினுக்குள் அடுக்க வேண்டும், ஆவியில் சட்டை தொப்பலாக நனைந்துவிடும். வீட்டில் சொன்னபோது அம்மா, "எச்சில் தட்டு கழுவவா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினோம்" என்று அழுதார். ஆனால் ஷிஃப்டுக்கு ஒரு வேளை சாப்பாடு இலவசம், என் பக்கத்தில் நின்று தட்டு வழித்தவன் அந்த ஊர் டாக்டர் வீட்டுப் பையன், யாரும் யாரையும் குறைவாகப் பார்க்கவில்லை. பெற்றோர்கள் தயவுசெய்து இதற்காகப் பிள்ளையைக் குற்ற உணர்ச்சியில் தள்ளாதீர்கள்.

சரி, வேலை எப்படிக் கிடைக்கும்? பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு போர்ட்டலில் 'வொர்க் ஸ்டடி' என்று போட்டிருப்பவற்றை விட்டுவிடுங்கள், அது அரசாங்க உதவித்தொகை சார்ந்தது, நமக்குக் கிடையாது. மற்றதற்கெல்லாம் விண்ணப்பியுங்கள், கூடவே நேரில் போய் மேனேஜரைப் பாருங்கள். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கும் சனி ஞாயிறுக்கும் ஆள் கிடைக்காமல் அல்லாடுவார்கள், "நான் வருகிறேன்" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. டிசம்பரில் படிப்பு முடித்துக் கிளம்பும் சீனியர்களின் இடம் காலியாகும், அவர்களிடம் நவம்பரிலேயே சொல்லி வையுங்கள். சம்பளம், வரிக் கணக்குக்கெல்லாம் கேட்கும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லையே என்று பயப்பட வேண்டாம். முதலில் வேலை, அந்த ஆஃபர் லெட்டரோடு வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் இன்டர்நேஷனல் ஆபீஸின் கடிதத்தையும் காட்டித்தான் நம்பரே வாங்க முடியும். அப்புறம், முதல் சம்பளச் சீட்டை உற்றுப் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று 7.65 சதவீதம் பிடித்திருந்தால் பேரோல் ஆபீஸில் கேளுங்கள், புதிதாக வந்த எஃப்-1 மாணவர்களுக்கு அந்தப் பிடித்தம் கிடையாது. ஆசிரியர்களுக்கு ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்புவதால் டி.ஏ. (ஆசிரியருக்குப் பாடத்தில் உதவும் டீச்சிங் அசிஸ்டென்ட்) வேலை வராது. ஒரு பாடத்தை நன்றாக எடுத்து, அந்த ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆபீஸ் நேரத்தில் போய் அடுத்த செமஸ்டருக்கு விடைத்தாள் திருத்தும் கிரேடர் வேண்டுமா என்று கேட்பது எவ்வளவோ மேல்.

இப்போது நான் பயப்படும் விஷயம். கேம்பஸில் வேலை கிடைக்காமல் ஃபீஸ் கெடு நெருங்கும்போதுதான் பிள்ளைகள் ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்கிலும் மோட்டலிலும் கையில் காசு வாங்கிக்கொண்டு ராத்திரி வேலைக்குப் போகிறார்கள். தெரிந்தால் விசா அந்தஸ்தே போய்விடும், படிப்பும் அதோடு நின்றுவிடும். முதலாளி கூலியைக் குறைத்தாலும், தராமலே ஏமாற்றினாலும், புகார் கொடுக்கப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் கொஞ்ச நாள் அப்படி நின்றான், விடியற்காலை வந்து வகுப்பில் தூங்கி விழுவான், கடைசியில் பாதிச் சம்பளம்தான் கைக்கு வந்தது. அவன் ஒன்றும் பேராசைக்காரன் இல்லை, தப்பான கணக்கோடு விமானம் ஏற்றப்பட்டவன்.

அதனால் லோன் எடுக்கும்போதே முதல் வருட வாடகை, சாப்பாட்டுச் செலவையும் சேர்த்தே கேளுங்கள். பேங்க்கில் தயங்கினால் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 தாளை எடுத்துக் காட்டுங்கள், அதில் ஃபீஸ் தனியாகவும் வாழ்க்கைச் செலவு தனியாகவும் அச்சிட்டே இருக்கும்.