எட்டு விநாடி

(மும்பை பிரபாதேவியில் ஏழு மாடிப் பழைய கட்டடம் ஒன்றின் மொட்டைமாடி. டிசம்பர் மாதம், சூரியன் மறைந்து பத்து நிமிடம் ஆகிறது. கேமராவோடு ஒரு தம்பி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த காவல்காரர் அண்ணாச்சி. இருவரும் ஏன் இப்படி இலக்கணச் சுத்தமாகப் பேசுகிறார்கள் என்று கேட்காதீர்கள். நாளெல்லாம் இந்தியில் பேசியவர்களுக்குத் தமிழ் கிடைத்தால் முழுச்சாப்பாடாகவே வேண்டியிருக்கிறது.)

அண்ணாச்சி: சூரியன் இருந்தவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள், அது போன பிறகு முக்காலியை விரிக்கிறீர்கள். பந்தி முடிந்தபின் இலை போடுவது எந்த ஊர் வழக்கம், தம்பி?

தம்பி: இன்னும் பத்து நிமிடத்தில் வானம் கருநீலமாகும், அண்ணாச்சி. வானத்தின் வெளிச்சமும் ஜன்னல் விளக்குகளின் வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக இருக்கிற நேரம் அது ஒன்றுதான். முந்தினால் விளக்கு தெரியாது. பிந்தினால் கட்டடம் இருட்டில் கரைந்து, ஜன்னல்கள் மட்டும் அந்தரத்தில் தொங்கும்.

அண்ணாச்சி: எடுக்கப்போவது லோயர் பரேலில் இருக்கிற வேர்ல்ட் ஒன் கட்டடத்தைத்தானே? ஸ்ரீநிவாஸ் மில் இருந்த இடம் அது. 442 மீட்டருக்கு எழுப்புவதாக இருந்தார்கள். விமான நிலைய ஆணையத்தின் அனுமதி கிடைக்காததால் 76 மாடியோடு 280 மீட்டரிலேயே நின்றுவிட்டது. வளருகிற பிள்ளையைத் தலையில் தட்டி உட்காரவைத்த மாதிரி.

தம்பி: தட்டி உட்காரவைத்த பிறகும் பக்கத்தில் போய் நின்றால் படத்துக்குள் அடங்கமாட்டேன் என்கிறதே!

அண்ணாச்சி: கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வையுங்கள்.

தம்பி: அண்ணாந்தால் இரு பக்கக் கோடுகளும் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடமே மல்லாந்து விழப்போவது போலத் தெரியும். அதனால்தான் இவ்வளவு தூரம் தள்ளிவந்து, உங்கள் மொட்டைமாடியில் கேமராவை நீர்மட்டம் பார்த்து நிறுத்தியிருக்கிறேன்.

அண்ணாச்சி (திரையை எட்டிப் பார்த்து): மேல்பாதியில் அந்தக் கட்டடம், கீழ்ப்பாதியில் நம் மொட்டைமாடி, நட்டநடுவில் என் நாற்காலி. இதற்கா இத்தனை ஏற்பாடு?

தம்பி: கீழ்ப்பாதியைப் பிறகு வெட்டிவிடுவேன்.

அண்ணாச்சி: நல்லது. நான் போய் மோட்டாரைப் போடுகிறேன்.

தம்பி: ஐயோ, வேண்டாம்! எட்டு விநாடி கேமராவின் ஷட்டர் திறந்திருக்கப்போகிறது. விரல் பட்டால்கூட ஆடும் என்று பயந்துதான், பொத்தானை அழுத்தி இரண்டு விநாடி கழித்தே திறக்கும்படி டைமர் வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி அதிர்ந்தால் படம் முழுவதும் கலங்கிப்போகும்.

அண்ணாச்சி: மூன்றாம் மாடி அம்மாள் குழாயைத் திறந்து தண்ணீர் வரவில்லையென்றால் இந்தக் கட்டடமே ஆடும், தம்பி. அதற்கு டைமரும் கிடையாது. ஐந்து நிமிடம் தருகிறேன்.

(வானம் நீலம் ஏறுகிறது. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார். அண்ணாச்சி சுவிட்சை நோக்கிக் குறுக்கே விறுவிறுவென்று நடக்கிறார்.)

தம்பி: படம் விழுந்துவிட்டது! பாருங்கள், கட்டடம் தூக்குக்குண்டு விட்டதுபோல நேராக நிற்கிறது.

அண்ணாச்சி: அது சரி, நான் குறுக்கே நடந்தேனே, என்னை எங்கே காணோம்?

தம்பி: எட்டு விநாடிக்குள் நடந்து கடந்தவர் படத்தில் பதியமாட்டார், அண்ணாச்சி. அசையாமல் இருந்ததுதான் பதியும்.

அண்ணாச்சி (நெடுநேரம் உற்றுப் பார்த்து): கீழ்ப்பாதியைப் பிறகு வெட்டுவதாகச் சொன்னீர்களே, அதை இப்போதே, என் கண்ணெதிரிலேயே வெட்டிவிடுங்கள். இந்த நாற்காலியை விட்டு அகலாமல் காவல் காக்கிறேன் என்று சொல்லித்தான் போன வாரம் செக்ரட்டரியிடம் சம்பள உயர்வு கேட்டிருக்கிறேன்.