மாதாவிடம் வேண்டுகிறவர்கள் எல்லாம் விக்கிரக ஆராதனைக்காரர்களா?

ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறினால் போதும், நம் சபை வாட்ஸ்அப் குழுக்களில் விக்கிரகங்களை வணங்காதே என்கிற யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் சுற்ற ஆரம்பித்துவிடும். காவி உடுத்தி வெயிலில் நடந்து போகிறவர்களின் படத்தைப் போட்டு, கீழே "விக்கிரக ஆராதனை" என்று எழுதுகிறார்கள். நானும் புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ.தான். மாதா என்று அவர்கள் அழைக்கிற இயேசுவின் தாய் மரியாளிடம் ஜெபிப்பவன் இல்லை, இனியும் ஜெபிக்கப் போவதில்லை. ஆனாலும் இதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது, ஏனென்றால் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

ஆராதனை கடவுள் ஒருவருக்கே, மரியாளுக்கும் புனிதர்களுக்கும் செலுத்துவது வேறு வகை வணக்கம் என்பதுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. 787-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கமே திருவுருவங்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கோட்டைப் போட்டுவிட்டது. ஜெபமாலையில் திரும்பத் திரும்ப அவர்கள் கேட்பதும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதுதானே. நாம் நம் சபை போதகரான ஐயரிடம் போய் எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்பதில்லையா? சரி, ஐயர் உயிரோடு இருக்கிறார், மரித்தவர்களிடம் கேட்கலாமா என்பீர்கள். அதுதான் உண்மையான கேள்வி, அங்கே எனக்கும் அவர்களோடு உடன்பாடு இல்லை. "தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே" என்ற வசனத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதைவிட, மரியாள் ஜென்மப்பாவமில்லாமல் உற்பவித்தார் என்று 1854-லும், உடலோடு பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று 1950-லும் போப்புகள் அறிவித்ததை எல்லாக் கத்தோலிக்கரும் விசுவசித்தே ஆக வேண்டும் என்பது எனக்குப் பெரிய இடறல். வேதத்தில் அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்போம், தாராளமாகக் கேட்போம்.

ஜனங்களின் பக்தி சில இடங்களில் எல்லை மீறுவதும் உண்மைதான், அது கத்தோலிக்கத் திருச்சபைக்கே தெரியும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே மரியாளைப் பற்றி மிகைப்படுத்திப் பிரசங்கிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் வத்திக்கான் இன்னும் வெளிப்படையாக, இணை மீட்பர் என்ற பட்டம் அவருக்குப் பொருந்தாது என்றே அறிவித்தது. இதையெல்லாம் நம் குழுக்களில் யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

இந்த மண்ணில் இது பழைய சண்டை. 1706-ல் தரங்கம்பாடிக்கு லுத்தரன் மிஷனெரிகள் வந்தார்கள், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர் அவர்களைச் சாடித் தமிழிலேயே நூல்கள் எழுதினார். வசை இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் அந்த லுத்தரன் சபைக்கே மூலவரான லூத்தர் 1521-ல் மரியாளின் பாட்டுக்கு ஒரு விளக்கவுரையே எழுதியவர், அவ்வளவு மரியாதையோடு. நம் பிரசங்கபீடங்களிலோ கிறிஸ்துமஸ் முடிந்தால் மரியாளின் பேச்சே இல்லை. ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர், என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்புகிறார் என்று பாடிய பெண்ணைப் பற்றிப் பேச நமக்கு ஏன் பயம்?

அப்புறம், ஆர்.சி. வீட்டிலிருந்து நம் குடும்பங்களுக்கு மருமகளாக வருகிற பெண்கள். வந்த உடனே ஜெபமாலையைத் தூக்கிப் போடு, மாதா படத்தை எடு என்று நிற்கிறோம். அவள் வணங்குவது நம் இயேசுவைத்தான். அவளிடம் அப்படிக் கேட்க நமக்கு எந்த உரிமையும் கிடையாது.