மரம் வச்சவன் தண்ணி ஊத்துவானாம்

எங்கள் ஊரில் வரப்போகும் சோலார் கார்டனை மரம் வைத்து எப்படி மறைப்போம் என்று கம்பெனி வந்து விளக்கிய செவ்வாய்க்கிழமை டவுன்ஷிப் (இங்கத்து ஊராட்சி மாதிரி) கூட்டத்தைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டீர்கள். வீடியோவும் சுற்றி வந்துவிட்டது. எனக்கு உறுத்துவது ஒரே ஒரு இடம். பேனலே கண்ணில் படாதபடி 15 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர் எழுப்பிய அந்தப் படத்தைத் திரையில் போட்டதும் அரங்கம் முழுக்க ஒரு நிம்மதிப் பெருமூச்சு வந்ததே, அந்த இடம். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் "முழு வளர்ச்சியில்" என்று இருந்தது. அதை ஒருவரும் வாசிக்கவில்லை. நடப்போகும் கன்று 6 அடி. வேர் பிடிக்கவே இரண்டு மூன்று வருடம் ஆகும், அதற்குப் பிறகு ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரம் வருடத்துக்கு ஒரு அடி வளர்ந்தால் பெரிய விஷயம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"கன்றுகளுக்குத் தண்ணீர் யார் ஊற்றுவார்கள்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார். "உள்ளூர் மரங்கள்தானே, மழையே போதும்" என்று பதில் வந்தது. மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான் என்று நம் ஊரில் ஆறுதலுக்குச் சொல்வோம். அதை ஒப்பந்தமாக எழுதி வாங்காமல் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனதுதான் செவ்வாய்க்கிழமை நடந்தது.

சென்னையிலிருந்து படிக்கும் நண்பர்களுக்காக: சோலார் கார்டன் என்றால் பூங்கா இல்லை. வயல்வெளியில் ஒரு இடத்தில் பேனல்களை நிறுத்தி, கூரையில் பேனல் வைக்க முடியாதவர்கள் அதில் பங்கு சேர்ந்து, தங்கள் கரண்ட் பில்லில் கழிவு பெறும் ஏற்பாடு. கொலராடோ 2010இல் சட்டம் போட்டது, எங்கள் மினசோட்டா 2013இல். ஒரு மெகாவாட்டுக்கு 5 முதல் 7 ஏக்கர் பிடிக்கும். பெயரில் மட்டும்தான் தோட்டம். தோட்டக்காரன் என்று ஒருவன் இருப்பதில்லை, அதுதான் என் வழக்கே.

சரி, இப்போது மறைப்புக்கு வருவோம். மறைப்பு என்றதும் எல்லோரும் பேனல் வேலியை ஒட்டி ஒரு வரிசை மரம் என்றே நினைக்கிறார்கள். தரைத்தளத்தில் நிற்பவரின் கண் மட்டம் ஐந்தரை அடி. 300 அடி தள்ளி இருக்கும் பேனலின் மேல் விளிம்பு 10 அடி. மரத்தைப் பேனல் வேலி ஓரமாக, வீட்டிலிருந்து 280 அடியில் வைத்தால், மறைக்க ஏறக்குறைய 10 அடி உயரம் வேண்டும். அதே மரத்தை வீட்டிலிருந்து 30 அடியில் வைத்தால் 6 அடி போதும். புரிகிறதா? ஒரே கன்றுதான். இங்கே வைத்தால் நட்ட அன்றே வேலையைத் தொடங்கிவிடும், அங்கே வைத்தால் ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்தால் அவர் நிலத்திலேயே கம்பெனி செலவில் நட்டுக் கொடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். செவ்வாய்க்கிழமை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மாடி ஜன்னல் கதை வேறு. 15 அடி உயரத்திலிருந்து கீழே பார்ப்பவருக்குப் பின்வரிசைப் பேனல்களும் தெரியும், அவற்றையும் மறைக்க எங்கே நட்டாலும் 13 முதல் 15 அடி மரம் வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது. "மாடிக்கும் மறைத்துத் தருகிறோம்" என்று யாராவது முதல் வருடமே வாக்குக் கொடுத்தால் அவர் பொய் சொல்கிறார், அல்லது மாடி ஏறிப் பார்த்ததில்லை.

அடுத்தது திசை. மினியாபொலிஸ் ஏறக்குறைய 45 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து 22 பாகைகூட ஏறுவதில்லை, நிழல் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு நீளும். 20 அடி மரத்துக்கு 50 அடி நிழல், அதுவும் உச்சி வேளையில். ஆகவே தெற்கு எல்லையில் ஸ்ப்ரூஸ் வைத்தால் பத்தாவது வருடம் கம்பெனியே ரம்பத்தோடு வரும். ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் விழுந்தால் அதோடு கோத்த பேனல் தொடர் முழுவதும் அடிவாங்கும், அவர்களையும் குறை சொல்ல முடியாது. தெற்கே 8, 10 அடியில் நின்றுவிடும் புதர்கள்: ஹேசல்நட், கிரே டாக்வுட், ரெட் ஒசியர் டாக்வுட். உயரமான ஊசியிலை மரங்கள் வடக்கே, அங்கே நிழல் பேனலை விட்டு விலகித்தான் விழும். கிழக்கிலும் மேற்கிலும் நடுத்தர உயரம்: நானிபெர்ரி, காட்டுப் பிளம். படத்திலோ நாலு பக்கமும் ஒரே உயரம், ஒரே மரம். கணினியில் நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த ஒரே மரம் தூஜா. இங்கே ஆர்பர்விட்டே என்பார்கள். மான்களுக்குப் பனிக்காலத்துப் பந்தி. எட்டும் உயரம் வரை மொட்டையடித்துவிடும், மேலே மட்டும் குடுமி நிற்கும். மறைப்பு வேண்டியது கீழ் ஆறு அடியில், அங்கேதான் வெறும் தண்டு. "அப்படியானால் புளூ ஸ்ப்ரூஸ் வைக்கட்டும்" என்று ஒரு நண்பர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். ஐயா, கொலராடோ மலைக்காற்றில் வளர்ந்த மரத்தை இந்த ஈரக் கோடையில் வைத்தால் ஊசியிலைப் பூஞ்சை பிடித்து அடியிலிருந்து மேலே பழுத்து உதிரும். பிளாக் ஹில்ஸ் ஸ்ப்ரூஸ் தாங்கும். ரெட் சீடர் நன்றாக வரும், ஆனால் பக்கத்தில் ஆப்பிள் தோட்டம் இருந்தால் வேண்டாம், துரு நோய் இரண்டுக்கும் இடையே போய்வரும். வெள்ளைப் பைனைச் சாலையோரம் வைக்காதீர்கள், பனிக்காலத்து உப்புத் தெறிப்பில் கருகிவிடும். எது வைத்தாலும் ஒரே இனமாக வைக்காதீர்கள். தெருவெல்லாம் ஆஷ் மரமாக நட்டுவிட்டு, 2009இல் செயின்ட் பாலில் மரகதத் துளைப்பான் வண்டு வந்த பிறகு இந்த மாநிலம் வெட்டிக் குவித்துக்கொண்டிருப்பது போதாதா?

நடுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. கட்டுமான லாரிகள் ஆறு மாதம் ஓடுவது எல்லை ஓரத்தில்தான், நாம் மரம் வைக்கப்போவதும் அதே கீற்றில்தான். மண் சிமெண்ட் தளம் மாதிரி இறுகிக் கிடக்கும். 12 முதல் 18 அங்குலம் ஆழத்துக்குக் கிழித்துவிடாமல் குழி மட்டும் வெட்டினால் அது தொட்டிதான், மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். கன்றோடு மண்ணும் சேர்த்துக் கட்டி வரும் வேர்ப் பந்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலக் குழி, ஆழம் பந்தின் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. தண்டு விரிந்து வேராகும் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். பந்தைச் சுற்றிய கம்பிக் கூடையின் மேல் பாதியையும் சாக்கையும் வெட்டி எடுக்க வேண்டும். மல்ச் என்ற மூடாக்கு 3, 4 அங்குலம், தண்டைத் தொடாமல். தண்டைச் சுற்றி எரிமலை மாதிரி குவிப்பது எந்த நாட்டு வழக்கமோ தெரியவில்லை. டாக்வுட், பிளம் போன்றவற்றின் அடித்தண்டுக்குக் கால் அங்குலக் கண் வலை சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பனிக்கு அடியில் வயல் எலி பட்டையை வட்டமாகக் கடித்துவிடும், பனிக்கு மேலே முயல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று இடைவெளியில் விழுமாறு, மரத்துக்கு மரம் 10, 12 அடி. இடையில் புதர். தோண்டுவதற்கு முன், மண்ணுக்கு அடியில் ஓடும் கம்பிகளையும் குழாய்களையும் குறித்துத் தரும் 811 எண்ணுக்கு அழைக்க வேண்டும். அப்படியும் கம்பெனியின் சொந்தக் கேபிள் எங்கே ஓடுகிறது என்று அவர்களிடமே வரைபடம் கேட்டு வாங்க வேண்டும், தனியார் கம்பியை 811 குறித்துத் தர மாட்டார்கள்.

பருவம்? கட்டுமானம் நவம்பரில் முடியும், அனுமதி நிபந்தனைப்படி உடனே நட வேண்டும், உறையப்போகும் மண்ணில் நட்டுவிட்டுப் போவார்கள். ஏப்ரலில் பார்த்தால் செங்கல் நிறம். ஊசியிலை மரத்தை வசந்தத்தில் நட வேண்டும், அல்லது ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள்.

இப்போது தண்ணீர். 120 கன்று. ஒவ்வொன்றுக்கும் வாரம் 15 கேலன் என்று வையுங்கள். வாரத்துக்கு 1,800 கேலன். அந்த நிலத்தில் குழாய் கிடையாது. 500 கேலன் தொட்டி வண்டி நாலு நடை போக வேண்டும். மே மாதத்திலிருந்து மண் உறையும் வரை. ஊசியிலை மரத்துக்குக் கடைசி மாதம்தான் முக்கியம், இலை உதிர்க்காத மரம் பனிக்காலம் முழுக்க ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து உறிஞ்சவும் முடியாது. இதை மூன்று பருவம் செய்ய வேண்டும். மழை பார்த்துக்கொள்ளுமாம்! அப்படியானால் நர்சரிக்காரன் ஏன் குழாய் வைத்திருக்கிறான்?

ஒரு விஷயம் ரசிக்கும்படி இருந்தது. கூட்டத்தில் காட்டிய "ஏற்கெனவே கட்டி முடித்த இடம்" புகைப்படத்தில் பேனலே தெரியவில்லை என்று எல்லோரும் வியந்தார்கள். உற்றுப் பாருங்கள். ஆகஸ்ட் மாதத்துப் படம். முன்னால் 8 அடி உயரத்துக்குப் பக்கத்து வயல் சோளம். அறுவடை ஆனதும் திரை விழுந்துவிடும், அடுத்த வருடம் அவர் சோயா போட்டால் மூன்று அடிதான். சோளத்துக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? பாவம், அது தன்பாட்டுக்கு வளர்ந்தது.

இனி எனக்கு வந்த வசவுகள்.

"நீ சூரிய சக்திக்கு எதிரி." இல்லை. இந்த ஊரில் சோலார் கார்டன் வரட்டும், இரண்டு வரட்டும். 2016இல் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் உகந்த சோலார் நிலம் எது என்று தரம் வகுத்துச் சட்டம் போட்ட மாநிலம் இது. பேனலுக்கு அடியில் லிட்டில் புளூஸ்டெம் புல்லும் ஊதாப் பிரெய்ரி குளோவரும் வளர்வதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். அதற்கும் மூன்று வருடம் வேண்டும், முதல் வருடம் களையாகத்தான் தெரியும், ஆறு அங்குலத்துக்கு மேல் விடாமல் பலமுறை வெட்ட வேண்டும் என்று அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். சொல்லாவிட்டால் ஜூலையில் கனடா முட்செடி பூக்கும்போது புகார் பறக்கும், அது பரவாமல் கட்டுப்படுத்த வேண்டியது சட்டப்படி கட்டாயம்.

"நீ கம்பெனி ஆள்." இதுவும் நானே. ஒரே வாரத்தில் இரண்டு பட்டம். இதற்குப் பதில் சொல்லப்போவதில்லை.

"வேலியிலேயே பச்சைப் பட்டை சொருகிவிட்டால் முடிந்தது, மரம் எதற்கு?" முடியாது. ஏழு அடி வேலி, அல்லது ஆறு அடிக்கு மேல் ஒரு அடி முள்கம்பி என்பது மின் பாதுகாப்பு விதி. அதில் பட்டை சொருகினால் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். சாதாரணக் கம்பங்கள் இரண்டு பனிக்காலத்தில் சாய்ந்துவிடும். உறைபனி இந்தப் பகுதியில் 42 அங்குலத்துக்கு இறங்கும், அதற்கு மேலே நிற்கும் அடித்தளத்தை மண்ணே தூக்கி எறியும். முள்கம்பிக்குப் பதிலாக மரக் கம்பமும் மான் வேலியும் போடச் சொல்லுங்கள், பாதிக் கோபம் அங்கேயே அடங்கும். மரம் வேலிக்கு வெளியே, நம் பக்கம் இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் நாம் பார்ப்பது வேலியைத்தான்.

"மண்மேடு போடட்டும்." போடலாம், இடம் இருந்தால். 4 அடி மேட்டுக்கு, ஒரு அடி ஏற்றத்துக்கு இரு பக்கமும் மூன்று அடி சரிவு வைத்து, உச்சியில் 4 அடி தட்டையாக விட்டால் அடியில் 28 அடி போகும். வயலுக்கு அடியில் ஓடும் வடிகால் குழாயை நசுக்கிவிட்டால் அடுத்தவன் நிலம் குளம். மேட்டின் உச்சி வேறு முதலில் காயும், அங்கே வைக்கும் கன்றுக்கு இன்னும் அதிகத் தண்ணீர்.

"மரம் வைத்தால் இன்வெர்ட்டர் சத்தமும் நிற்கும்." நிற்காது. இன்வெர்ட்டர் என்பது பேனல் கரண்டை ஊர்க் கரண்டாக மாற்றும் பெட்டி. அது கண்ணுக்கு மறைவதால் காதுக்குக் குறைந்த மாதிரி தோன்றும், அவ்வளவே. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், எனவே இன்வெர்ட்டரை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் அது வடமேற்கு மூலையில், சரியாக அந்தக் கடைசி வரிசை அம்மாவின் சமையலறைக்கு எதிரே இருக்கிறது. அதே மூலையில் அடர்ந்த இரட்டை வரிசை மரம் அவர் வண்டிப்பாதையை ஒட்டி. பனிக்காலக் காற்று வடமேற்கிலிருந்து. காற்று மரத்தில் மோதி வேகம் குறைந்து பனியைக் கொட்டுவது மரத்துக்குப் பின்னால், அதாவது அவர் பாதையின் தலையில். மறைப்பு தருகிறோம் என்று சொல்லி ஒரு வயதானவரை வீட்டுக்குள் புதைக்கப் பார்க்கிறார்கள்! இதை வரைந்தவர் ஜனவரியில் ஒருமுறை வந்து நின்றிருப்பாரா? அந்த அம்மா பேச எழுந்தபோது மூன்று நிமிட மணியை அடித்தார்கள். படத்துக்கு மணி அடிக்கவில்லை.

எனக்குக் கோபம் கம்பெனி மேல்கூட அவ்வளவு இல்லை. அவர்கள் வியாபாரம். "மரம்தான் வைக்கிறார்களே, இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு" என்று நம் ஆட்களே, சோலார் கார்டனிலிருந்து இருபது மைல் தள்ளிக் குடியிருந்துகொண்டு, சிரிப்பான் போட்டு எழுதினீர்களே, அதுதான்.

அடுத்த வியாழன் மறுபடி கூட்டம். நிபந்தனைத் தாளில் சேர்க்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறேன்: மூன்று வளர்பருவத்துக்கு நீர் ஊற்றும் அட்டவணை, செத்த கன்றை அடுத்த நடவுப் பருவத்துக்குள் அதே அளவில் மாற்றுவது, அதற்கான பணத்தை டவுன்ஷிப் கையில் முன்கூட்டியே கட்டுவது, மூன்றாவது வருடம் ஜூன் மாதம் ஆய்வு செய்த பிறகே அதைத் திருப்பித் தருவது, இன்வெர்ட்டரை நடுவுக்கு நகர்த்துவது, வடமேற்கு வரிசையை வண்டிப்பாதையிலிருந்து 100 அடியாவது தள்ளுவது. மூன்று நிமிடத்துக்குள் வாசித்துவிடலாம், நேரம் பார்த்துவிட்டேன். வர முடிந்தவர்கள் வாருங்கள். முன்வரிசையில் உட்காருங்கள், அங்கிருந்தால்தான் பொடி எழுத்து தெரியும்.