அன்சி ஏரி பனி உருகிய நீரால் மட்டும் தெளிவானதல்ல

பிரான்சின் அன்சி ஏரி தெளிவாக இருப்பதற்கு மலைப்பனிதான் காரணம் என்று, ஏரியின் படங்களோடு வந்த ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருக்கிறார். பாதிதான் உண்மை. 1950களில் அதே மலையும் அதே பனியும் இருந்தும் ஏரி கலங்கத்தான் செய்தது. கரையோர வீடுகள், ஓட்டல்களின் கழிவெல்லாம் நேரே உள்ளே போனது. போல் செர்வெத்தாஸ் என்ற உள்ளூர் மருத்துவர்தான் விடாமல் எச்சரித்தார். 1957இல் 8 ஊர்கள் கூடி ஒரு கூட்டமைப்பை உருவாக்கி, ஏரியைச் சுற்றி வளையமாகப் பாதாளச் சாக்கடை பதித்தன.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று: சுத்திகரித்த நீரைக்கூட ஏரிக்குள் விடுவதில்லை. சுத்திகரித்த பிறகும் கொஞ்சம் பாஸ்பரஸ் மிஞ்சும். பாசிக்கு அது தீனி. ஏரி நீர் முழுதாக மாற ஏறக்குறைய 4 ஆண்டு ஆகும் என்பதால், உள்ளே போனது லேசில் வெளியேறாது. ஊருக்குக் குடிநீரும் அங்கிருந்துதான்.

சரி, அந்தச் சுத்திகரித்த நீர் எங்கே போகிறது? கீழே ஃபியேர் ஆற்றுக்கு. அங்கிருந்து ரோன் ஆற்றுக்கு. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை! ஏரியைக் காப்பாற்றிய பாரத்தை ஆறு சுமக்கிறது. ஆல்ப்ஸ் பகுதியில் குளிர்காலம்தான் சிக்கல்: பனிச்சறுக்குக் கூட்டம் குவியும்போது மலையாறுகளில் நீர் வற்றியிருக்கும், கழிவுநீரிலுள்ள அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் குளிரில் மந்தமாகிவிடும். ஏரியின் படங்களைப் போட்டவர்கள் ஃபியேரின் படம் ஒன்றையாவது போட்டிருக்கலாம்.