மியூட்டேஷன் மட்டும் போதாது

“புற்றுநோய் மரபணு நோயே இல்லை, வளர்சிதை மாற்றக் கோளாறு. சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும்” என்ற பதிவை யாராவது பகிர்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கம், “டி.என்.ஏ.வில் பிழை (மியூட்டேஷன்) வந்தால் புற்றுநோய், அவ்வளவுதான்” என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே அரைகுறை. எலித்தோலில் செய்த ஒரு பழைய சோதனையை ஒழுங்காகப் படித்தாலே சண்டையில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் கட்சி.

1940களில் மாட்ரம், பெரன்பிளம், ஷூபிக் போன்றவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. எலியின் முதுகு முடியை மழித்து, தாரில் இருக்கும் நச்சுகளின் இனத்தைச் சேர்ந்த டி.எம்.பி.ஏ. என்ற ரசாயனத்தை ஒரே ஒரு முறை தடவுவார்கள். அது தனியாகக் கட்டியை உண்டாக்காத அளவு சிறியது. பிறகு வாரம் இருமுறை நேர்வாள எண்ணெய். ஆமாம், சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம்தான். சில வாரங்களில் தோலில் மருக்கள் கிளம்பும், அவற்றில் சில பின்னால் புற்றாக மாறும்.

எண்ணெயை மட்டும் தடவினால் அநேகமாக ஒன்றும் வராது. வரிசையை மாற்றி, எண்ணெய் முதலில் ரசாயனம் பிறகு என்றாலும் வராது. ரசாயனம் தடவி மாதக்கணக்கில் சும்மா விட்டுப் பிறகு எண்ணெயைத் தொடங்கினால் வரும். எண்ணெய்த் தடவல்களுக்கு நடுவே இடைவெளியை மிக நீட்டிவிட்டால் வராது. அதாவது முதல் காயம் அழிவதில்லை. இரண்டாவதான தூண்டலை விட்டுவிட்டால் அதன் விளைவு மட்டும் ஆறிவிடுகிறது.

காரணம் 1980களில் தெரிந்தது. அந்த மருக்களில், செல் பெருக்கத்தை முடுக்கும் ஹெச்-ராஸ் மரபணுவின் 61-ஆம் குறிமத்தில் (மூன்றெழுத்துத் தொகுதியில்) ‘ஏ’ என்ற டி.என்.ஏ. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ இருந்தது. டி.எம்.பி.ஏ. விட்டுப்போன கைரேகை அது. நேர்வாளத்தின் வீரியப்பொருளான டி.பி.ஏ. டி.என்.ஏ.வை மாற்றுவதில்லை. செல்லுக்குள் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியை முடுக்கி, அழற்சியையும் செல் பெருக்கத்தையும் கிளப்புகிறது.

இது எலிக்கதை மட்டுமல்ல. 2015-ல் 55 முதல் 73 வயதுள்ள நால்வரின் நலமான இமைத்தோலைப் பரிசோதித்தபோது, புற்றைத் தூண்டக்கூடிய மியூட்டேஷன்கள் 18 முதல் 32 சதவீத செல்களில் கிடந்தன. தோல் தோலாகவே இருந்தது. 2018-ல் உணவுக்குழாய் ஆய்வு இன்னும் விசித்திரம்: நாட்ச்-1 என்ற மரபணுவில் மியூட்டேஷன் புற்றைவிட நடுவயதுக்காரர்களின் நலமான உணவுக்குழாயில்தான் அதிகம். மியூட்டேஷனே நோய் என்றால் நாம் யாரும் நாற்பதைத் தாண்டக்கூடாது.

2023-ல் புற்றுநோய் ஆய்வாளர் சார்ல்ஸ் சுவான்டனின் குழு காற்று மாசை இதே கண்ணால் பார்த்தது. 295 நலமான நுரையீரல் மாதிரிகளில் 18 சதவீதத்தில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மியூட்டேஷன், 53 சதவீதத்தில் கே-ராஸ் மரபணுவில். இரண்டுமே நுரையீரல் புற்றைத் தூண்டக்கூடியவை. பி.எம். 2.5 என்ற மாசு நுண்துகள் நுரையீரலுக்குள் போனால், அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதம் சுரந்து, தூங்கிக்கிடந்த அந்தச் செல்களை எழுப்புகிறது. எலிகளில் அந்தச் சுரப்பைத் தடுத்தால் கட்டி குறைந்தது. பீடி, சிகரெட்டைத் தொடாதவருக்கு நுரையீரல் புற்று எப்படி என்ற கேள்விக்கு, என் பார்வையில், இதுவரை வந்த நல்ல பதில் இது.

அப்படியானால் அதைத் தடுக்கும் மருந்தே சிகிச்சையா? இல்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் மருந்தைக் கொடுத்த இதய நோயாளிகளிடம் நுரையீரல் புற்று குறைந்ததாக 2017-ல் தெரிந்தது. ஆனால் புற்று வந்துவிட்டவர்களுக்கு அதையே கொடுத்த பெரிய சோதனைகள் தோற்றன. ஒருமுறை வளர்ந்துவிட்ட கட்டிக்குத் தூண்டல் தேவைப்படுவதில்லை போலும்.

சொனன்ஷைன், சோடோ என்ற உயிரியலாளர்கள் இருவரும் இன்னும் ஒரு படி மேலே போய், கோளாறு செல்லில் இல்லை, திசுவின் அமைப்பில்தான் என்கிறார்கள். செல்லுக்கு அக்கம்பக்கம் முக்கியம் என்பதுவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மியூட்டேஷனால் உருவாகும் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற ஒற்றைப் புரதத்தை இமாடினிப் மாத்திரை அடைத்ததும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்று அடங்குகிறதே, அதற்கு அவர்களிடம் திருப்தியான விளக்கம் இல்லை.

இனி சர்க்கரை. பிராணவாயு இருந்தும் கட்டி குளுக்கோஸை நொதிக்கவைக்கிறது என்று ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் வார்பர்க் 1920களில் கண்டது உண்மை. கட்டி அதிகமாக உறிஞ்சும் குளுக்கோஸை வைத்து அதைக் காட்டும் பெட் ஸ்கேன் நடப்பதே அதை நம்பித்தான். (அவருக்கு 1931-ல் நோபல் கிடைத்தது சுவாச நொதிக்காக, புற்றுநோய்க்காக அல்ல, பகிர்வோர் கவனிக்க.) செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானதே மூலகாரணம் என்று அவர் சொன்னதுதான் நிற்கவில்லை. பெரும்பாலான புற்றுச்செல்களில் அது வேலை செய்கிறது. மைட்டோகாண்ட்ரியா உண்மையிலேயே பழுதாகிக் கட்டி வரும் தெளிவான உதாரணம் பாராகாங்லியோமா என்ற அரிய நரம்புசார் கட்டி. அதற்குக் காரணம், மைட்டோகாண்ட்ரியாவின் நொதி ஒன்றைச் செய்யும் எஸ்.டி.ஹெச். மரபணுவில் பரம்பரையாக வரும் மியூட்டேஷன். வளர்சிதை மாற்றக் கட்சியின் சிறந்த சாட்சியே எதிர்க்கட்சிக்காரர்!

நடைமுறைக்கு வந்தால், சோற்றையும் சர்க்கரையையும் நிறுத்தினாலும் ரத்த குளுக்கோஸ் பூஜ்ஜியமாகாது. ஈரல் புரதத்திலிருந்தும் கிளிசராலிலிருந்தும் செய்து ஊற்றும். கட்டியோ குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் கொழுப்பையும் தின்று பிழைக்கும். இளைப்பது நோயாளியின் தசை. கீமோவின் நடுவில் எடை சரிந்தால் மருந்தின் அளவைக் குறைக்கவோ சுற்றைத் தள்ளிப்போடவோ நேரிடும். உணவை மாற்றுவதாக இருந்தால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், வாராவாரம் எடை பாருங்கள்.